பதினெட்டுச் சூட்டுக்கு ஒரு காயம்

மேசையில் பொம்மைப் படைகளை நிறுத்திப் பகடை உருட்டும் வார்ஹேமர் 40,000-இல் காடியன் சிப்பாய்களை எடுக்காதே என்றுதான் என் எக்செல் சொன்னது. 2023-இல் வந்த பத்தாம் பதிப்பின் விதிப்படி, அவர்கள் லாஸ்கன்னால் ஸ்பேஸ் மரீனைச் சுட்டால் பாதி குறி தப்பும். பட்டதில் மூன்றில் ஒன்றுதான் துளைக்கும். அதிலும் மூன்றில் இரண்டைக் கவசம் தடுத்துவிடும். ஆக 18 சூட்டுக்கு ஒரு காயம். சாதாரண மரீனே இரண்டு காயம் தாங்குவான். வேஸ்ட்டுன்னு முடிவு பண்ணி, 2,000 புள்ளிக்கும் டாங்கிகளாக அடுக்கினேன்.

எதிராளியைவிட அதிகம் கொன்றும் தோற்றேன். இந்த ஆட்டத்தில் புள்ளி பெரும்பாலும் இடத்தைப் பிடித்து நிற்பவருக்கு. அந்தக் கணக்கில் பத்து காடியன்களின் பலம் 20, ஐந்து மரீன்களுக்கு 10. என் எக்செல்லில் நிற்பதற்கு ஒரு பத்தியே கிடையாது.

விதி புத்திசாலித்தனமானது, ஒத்துக்கிறேன். ஆனாலும் உறுத்துகிறது. சீக்கிரம் சாவார்கள் என்பதால்தானே இவர்கள் மலிவு? இப்போது இருபது பேரைச் சேர்த்திருக்கிறேன். இன்னும் பெயிண்ட் அடிக்கல. முதல் சுற்றிலேயே எடுத்து ஓரமாக வைக்கப்போகிற முகத்துக்குக் கண் வரைய கை வரமாட்டேங்குது.