தொடக்கச் சம்பளம் ஒன்றுதான், தொடக்கமும் ஒன்றா?

"நான் அஞ்சு வருஷம் தற்காலிக ஆசிரியரா பாடம் நடத்திட்டுத்தான் வந்தேன். போன மாசம் பட்டம் வாங்கினவங்களுக்கும் எனக்கும் ஒரே சம்பளம். இது என்ன கணக்கு டீச்சர்?"

நம் இடைநிலைப்பள்ளி ஆசிரியர் அறைகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. கேட்பவருக்குப் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் கிடைக்கும். "அரசாங்க வேலைன்னா அப்படித்தான்" என்பது ஒன்று. "வேலை கிடைச்சதே பெரிசு, விடுங்க" என்பது மற்றொன்று. இரண்டுமே கேள்வியை மூடி வைக்கின்றனவே தவிர, பதில் சொல்லவில்லை. பட்டப்படிப்புக்குப் பிறகு பட்டயக் கல்வி முடித்துப் பணிக்கு வந்தவள் நான். இந்த முறையில் எது சரி, எது சரியில்லை என்று பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் சரியான பக்கம். 'ஒரே தகுதிக்கு ஒரே தொடக்கச் சம்பளம்' நமக்குச் சும்மா கிடைத்தது அல்ல. சுபாங் ஜெயா இன்று நிற்கும் நிலம் ஒரு காலத்தில் சீபீல்ட் தோட்டம். 1923 தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். பல தோட்டங்களில் பாடம் சொல்லிக் கொடுத்தவர் பயிற்சி பெறாத கணக்குப்பிள்ளை அல்லது கங்காணி. சம்பளம் நிர்வாகம் பார்த்துக் கொடுப்பதுதான். பின்னாளிலும் பெண் ஆசிரியர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளமே இருந்தது. 1967-இல் ஆசிரியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகு நீதிபதி அசிஸ் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. 1969 முதல் பொதுச்சேவையில் பெண்களுக்குச் சமச் சம்பளம் படிப்படியாக வந்தது. ஆகவே, தொடக்கச் சம்பளத்தை ஆளுக்கு ஆள் பேரம் பேசி முடிவு செய்யலாம் என்று யாராவது சொன்னால், நான் அந்தப் பக்கம் நிற்க மாட்டேன். பேரம் என்று வந்தால் தோற்பவர் யார் என்று நம் பாட்டிமார்களுக்கே தெரியும்.

தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே 'இடைநிலை ஆசிரியர்' என்றால் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்துபவர். 2009 மே 31-க்குள் பணியில் சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். அதே வகுப்பு, அதே பாடநூல், அதே தகுதி. ஒரு நாள் இடைவெளிக்கு 3,170 ரூபாய் வித்தியாசம். 'சம வேலைக்குச் சம ஊதியம்' கேட்டு அவர்கள் சென்னையில் ஆண்டுக் கணக்கில் போராடி வருகிறார்கள்.

அங்கே ஒரே ஒரு நாள் இவ்வளவு எடை பெறுகிறது. இங்கே ஐந்து ஆண்டுகள் எடையே இல்லாமல் போகின்றன. என் விமர்சனம் இந்த இரண்டாவதைப் பற்றியதுதான்.

பட்டதாரி ஆசிரியரின் தொடக்கப் படி முன்பு டி.ஜி. 41. 2024 டிசம்பர் 1 முதல் புதிய பொதுச்சேவை ஊதிய முறையில் அது டி.ஜி. 9 ஆனது. சம்பள உயர்வு முதற்கட்டமாக 8 விழுக்காடு, 2026 ஜனவரியில் மேலும் 7 விழுக்காடு. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஏணி உயர்ந்ததே தவிர, முதல் படியில் யார் யாரை ஒன்றாக நிறுத்துகிறோம் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

2021 இறுதியில் கல்வி அமைச்சு 18,702 ஆசிரியர்களுக்கான சிறப்பு ஆள்சேர்ப்பை அறிவித்தது. கல்வியியல் பட்டம் உள்ளவர், இல்லாதவர் இருவருமே விண்ணப்பிக்க முடிந்தது. இப்படிப்பட்ட சேர்ப்பில் புதுப் பட்டதாரியும் வருவார், தனியார் பள்ளியில் பல ஆண்டு இருந்தவரும் வருவார். தமிழுக்கு இன்னொரு வகையினரும் உண்டு. 1996 கல்விச் சட்டப்படி 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழ் வகுப்பு நடத்த வழியிருக்கிறது. அந்தத் தாய்மொழி வகுப்புகளை மணிக்கணக்குச் சம்பளத்தில், பள்ளி முடிந்த வெயில் நேரத்தில் நடத்தியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தமிழ் எழுத்தே தடுமாறும் படிவம் 1 மாணவனை எஸ்.பி.எம். தேர்வு வரை கொண்டுபோவது எப்படி என்பதை அவர்கள் எந்தப் பயிற்சிக் கழகத்திலும் கற்கவில்லை. வகுப்பில்தான் கற்றார்கள்.

"அனுபவம் இருந்தா மட்டும் நல்ல ஆசிரியரா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே ஆண்டைப் பத்து முறை திரும்ப நடத்தியவர்களும் உண்டு. புதிதாக வந்தவர் சில மாதங்களில் அவர்களை மிஞ்சுவதும் உண்டு. அதனால் எல்லா அனுபவத்தையும் அப்படியே பணமாக்கச் சொல்லவில்லை. என் கணக்கு எளிது. அதே பாடத்தை, பள்ளி வகுப்பில், ஆதாரத்தோடு நடத்திய ஆண்டுகளில் பாதியை எடுங்கள். உச்ச வரம்பு மூன்று ஆண்டுகள். ஆண்டு உயர்வு 200 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், ஆறு ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு மாதம் 600 ரிங்கிட் கூடும். புதியவரின் சம்பளத்தில் ஒரு சென்னும் குறையாது.

பொருத்தமான முன் அனுபவத்துக்காகத் தொடக்கச் சம்பளத்தை உயர்த்தித் தருவது நம் பொதுச்சேவைக்கு அந்நியமான கருத்து அல்ல. சிக்கல், நம்மவர்களின் அனுபவத்துக்குக் காகிதம் இல்லாததுதான். மூன்று மாதம் ஒரு பள்ளி, பிறகு இடைவெளி, அடுத்து இன்னொரு பள்ளி. தலைமையாசிரியர் மாறிவிட்டால் நடத்திய வகுப்புக்குச் சாட்சியே இல்லை. எனவே, இப்போது தற்காலிகமாகப் பணியாற்றுபவர்கள் ஒவ்வொரு பள்ளியை விட்டுக் கிளம்பும்போதும் பாடம், படிவம், வார மணிநேரம், தொடங்கிய தேதி, முடிந்த தேதி ஐந்தும் உள்ள உறுதிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். சங்கங்கள் இதற்கு ஒரே மாதிரியான படிவம் தயாரித்துக் கொடுத்தால், நாளை அமைச்சிடம் பேசும்போது குறைகளை மட்டும் அல்ல, கணக்கையும் எடுத்து வைக்கலாம்.

பணம் வரும்வரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்றும் உண்டு. புதிய ஆசிரியருக்கு வழிகாட்டி நியமிக்கும்போது, ஐந்து ஆண்டு வகுப்பு நடத்தி வந்தவரையும் "புதுசு" என்றே பட்டியலில் போடுகிறோம். எஸ்.பி.எம். இலக்கிய வகுப்பைப் பற்றி அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கும். பாடக்குழுக் கூட்டத்தில் அவருக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். அதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை.

பக்கத்து மேசையில் இருக்கும் புதுப் பட்டதாரிமேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை. அவர் வாங்குவது அவருக்குரியது. நாம் கேட்பது, முன்பே வேலை செய்தவரின் ஆண்டுகளையும் எண்ணிக்கையில் சேருங்கள் என்பது மட்டும்தான்.