கத்தரித்ததும் விட்டுவைத்ததும்

ஷின்சானை வெட்டித் தைத்து நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்களின் கத்தரிக்கோல் எதைத் தொட்டது, எதைத் தொடவில்லை என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

யோஷிதோ உசுயி 1990இல் பெரியவர்கள் படிக்கும் வார இதழில் வரையத் தொடங்கிய கதை அது. 1992இல் ஜப்பானில் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் மாலைத் தொடரானது. 2006இல் அமெரிக்காவின் அடல்ட் ஸ்விம் அதைப் பெரியவர்களுக்கான பின்னிரவு நிகழ்ச்சியாக்கியது. அதே ஆண்டு இங்கே ஹங்காமா டிவி அதைச் சிறுவர்களிடம் கொடுத்தது. ஒரே படம்தான், வேளை மாறியதும் வேறு பண்டமாகிவிட்டது.

பிள்ளைகள் பெற்றோரை எதிர்த்துப் பேசுகிறார்கள் என்று புகார்கள் எழ, 2008இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அதைத் தடை செய்தது. மறு ஆண்டே வெட்டுகளோடு திரும்பிவந்தது. ஐந்து வயதுப் பையனின் அம்மணம் போயிற்று. அப்பாவின் பியர், வசனத்தில் ஜூஸ் ஆயிற்று. ஜூஸ் குடித்துவிட்டு அவர் தள்ளாடுவது மட்டும் நிற்கவில்லை.

நின்றிருக்க வேண்டியவை வேறு. போகிற வருகிற இளம்பெண்களிடம் பையன் வழிவது இருந்தது. அழகிகள் பின்னால் அப்பாவின் கண் போவதும் இருந்தது. அம்மா மிட்ஸியின் இடுப்பு, எடை, வயது மூன்றையும் வைத்து அப்பனும் மகனும் அடிக்கும் கேலியும் குறையவில்லை. மிட்ஸிக்கு வயது இருபத்தொன்பதுதான்!

திருவண்ணாமலையில் எங்கள் வீட்டில், பள்ளிவிட்டு வருவதற்கும் சீரியல் தொடங்குவதற்கும் நடுவில் டிவி அக்காள் பிள்ளைகளுடையது. அக்கா அப்போது அடுப்படியில் இருப்பாள். பௌர்ணமி என்றால் கிரிவலத்துக்கு வந்த சொந்தங்களுக்கும் சேர்த்து உலை வைக்க வேண்டும். அவள் ஷின்சானைப் பார்ப்பதில்லை, கேட்பதோடு சரி. வெட்டியதெல்லாம் படத்தில், அவள் காதுக்கு வந்ததோ 'குண்டு' என்கிற வார்த்தை. படத்தை மாற்ற முடியாது என்று தமிழில் குரல் கொடுப்பவர்கள் சொல்லலாம். பியரை ஜூஸாக்க முடிந்தவர்களுக்கு இந்த ஒரு சொல்லை மாற்றவா முடியாது?

கேபிள் தொலைக்காட்சி விதிகள், 1994இன் ஆறாவது விதி, பெண்ணின் உருவத்தை இழிவுபடுத்தக் கூடாது என்கிறது. அந்த விதியே, பெண்களை நிதானமும் ஒழுக்கமும் பண்பை வளர்க்கும் குணமும் உள்ளவர்களாகக் காட்ட முயல வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவதுதான் எனக்குப் பயம். அந்த அளவுகோலை எடுத்தால் முதலில் வெட்டுப்படுபவள் மிட்ஸி. அவள் கத்துகிறாள், மகன் தலையில் குட்டுகிறாள், தள்ளுபடி விற்பனைக்கு ஓடுகிறாள், பகலில் அசந்து தூங்குகிறாள். குட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தச் சாயங்காலத்தில் டிவியில் களைத்துப்போன பெண் அவள் ஒருத்திதான். அடுத்து வரும் சீரியல் மருமகள் பட்டுப்புடவையில் காபி ஆற்றுவாள், வியர்க்காது.

மிட்ஸி கூச்சல் போடும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுப்பாள்: "அவ கத்தாம என்னடா செய்வா?" பிள்ளைகள் அதற்கும் சிரிப்பார்கள்.