ஆயில் மட்டம்

வண்டியை சர்வீஸுக்கு விட்டால், இன்ஜின் அடியிலிருக்கும் நட்டைக் கழற்றி மெக்கானிக் ஒரு தகரத் தட்டில் வடிப்பாரே, கறுத்துப்போன பழைய ஆயில். அதை ஓர் அறை முழுக்கப் பரப்பி, விளிம்பு வரை நிரப்பி, நடுவில் ஆட்களை நடக்கவிட்டார் பிரிட்டிஷ் சிற்பி ரிச்சர்ட் வில்சன். ஆண்டு 1987; இடம் கிழக்கு லண்டனில் ராபின் கிளாஸ்னிக் நடத்திய மேட்ஸ் கேலரி. படைப்பின் பெயர் ‘20:50’. பழைய புல்லட் ஓட்டுகிறவர்களுக்கு அது ஆயில் டப்பாவின் மேல் பார்த்துப் பழகிய எண்.

அமைப்பு எளிமையானது. சுவரோடு சுவராக அறையை அடைத்துக்கொண்டு இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புத் தொட்டி. வாசலிலிருந்து அதைப் பிளந்துகொண்டு உள்ளே போகிறது ஒரு நடைபாதை. போகப்போக அது குறுகும். தரையும் மெல்ல ஏறும். முனையில் ஒருவர் நிற்கத்தான் இடம். அதற்கு மேல் வழி கிடையாது, திரும்பித்தான் வரவேண்டும். இரண்டு பக்கமும் தகட்டின் விளிம்பைத் தொட்டபடி எண்ணெய். முழங்கையைக் கொஞ்சம் அகட்டினால் சட்டை போயிற்று.

நடக்கிறவருக்கு எண்ணெய் தெரிவதில்லை என்பதுதான் வேடிக்கை. தெரிவது கூரை. உத்திரம், ஜன்னல், சட்டம், வெளிச்சம் எல்லாம் தலைகீழாக, இடுப்புக்குக் கீழே, மேலே இருக்கும் அதே தூரத்துக்கு இறங்கிக் கிடக்கின்றன. தரை என்று ஒன்று இருந்த ஞாபகமே போய்விடுகிறது. இத்தனைக்கும் மேட்ஸ் கேலரியில் ஊற்றியது ஏறக்குறைய 200 கேலன், அதாவது 900 லிட்டர் சொச்சம். ஓர் அறையை இடுப்பளவு நிரப்ப இது எந்த மூலைக்கு? கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர்தான் தேறும். ஆக, அந்தக் கறுப்புக்கு அடியில் இருப்பது பாதாளம் அல்ல, மெல்லிய ஒரு படலம். தெரிந்த பிறகும் கால் கூசுகிறது.

இதில் சரக்குத் தேர்வு முக்கியம். புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும். அதை ஊற்றியிருந்தால் தொட்டியின் அடித்தகடு தெரிந்திருக்கும். வண்டியில் ஓடி, கரி ஏறிக் கறுத்த ஆயில் உள்ளே போகும் வெளிச்சத்தையெல்லாம் விழுங்கிக்கொள்கிறது. மிஞ்சுவது மேற்பரப்பு திருப்பி அனுப்பும் பிம்பம் மட்டும். தண்ணீரானால் யாராவது நடந்தாலே சிலிர்க்கும், நாளாக ஆக வற்றும். இந்த ஆயிலின் கொழகொழப்பு சின்ன அதிர்வை அங்கேயே அமுக்கிவிடுகிறது. ஆவியாவதும் இல்லை என்றே சொல்லலாம். சாக்கடையில் கொட்டக்கூடாத ஒரு கழிவு, எந்தப் பாலிஷும் போடாமல், அறையிலேயே ஆகச் சுத்தமான பரப்பாகிவிடுகிறது.

ஆனால் நான் வியப்பது மட்டத்தை. கொத்தனார் டியூப்பில் தண்ணீர் ஊற்றிச் சுவருக்கு மட்டம் பார்ப்பது போல, இங்கே ஆயிலே கட்டிடத்துக்கு மட்டம் பார்க்கிறது. திரவம் தானாகவே சமமாக நிற்கும். ஆனால் தொட்டி நிற்குமா? ஒரு மூலை ஒரு நூல் தாழ்ந்தாலும் அங்கே வழியும், எதிர்மூலையில் தகடு பல்லைக் காட்டும், மாயம் கலையும். அத்தனை நீள விளிம்பையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து வைப்பதில் சிற்பியைவிட ஃபிட்டரின் கைதான் அதிகம். இதைப் பாராட்டாமல் ‘முடிவின்மை’, ‘சூன்யம்’ என்று ஆரம்பிக்கிற விமர்சனங்களைப் படித்தால் எனக்கு அலுப்பு வருகிறது.

கறுப்பு ஆயிலை நேர் கீழாகக் குனிந்து பார்த்தால் பெரும்பாலும் கறுப்புதான். பார்வை சாயச் சாயத்தான் பிம்பம் தெளிவாகும். பரப்பைக் காலடியில் வைக்காமல் இடுப்புக்கு ஏற்றியதன் சூட்சுமம் அங்கே இருக்கிறது. கண் எண்ணெய்க்கு அருகே வந்துவிடுகிறது, எதிர்ச்சுவர் வரை பார்வை சாய்வாகப் போகிறது, தூரம் முழுக்கப் பளபளக்கிறது. படைப்பில் பாதியைத் தொட்டி செய்கிறது. மீதியைச் செய்வது ஆளை நிறுத்திய இடம்.

லண்டனின் சாச்சி (Saatchi) கேலரி இதை வாங்கிய பிறகு பவுண்டரி ரோடு, கவுன்ட்டி ஹால், செல்சி என்று இடம் மாற்றி மாற்றிக் காட்டியது. ஒவ்வோர் அறைக்கும் தொட்டியைப் புதிதாக அளந்து பொருத்த வேண்டும்; அறை மாறினால் பிம்பமும் வேறு. செல்சியின் அடித்தளக் கூடத்தில் மேலே நின்று எட்டிப் பார்க்கவும் வசதி இருந்தது. படம் எடுக்க அது தோது. நடைபாதை இல்லாத 20:50 எனக்கு அரைச் சாப்பாடுதான்: மேலிருந்து பார்ப்பவருக்குத் தகடு இடுப்பில் உரசாது, நாசியில் ஆயில் வாடை அந்த அளவுக்கு ஏறாது, ‘பட்டுவிடுமோ’ என்று உடம்பு ஒடுங்காது.

ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின் கண்ணாடி அறைகளோடு இதைச் சேர்த்துப் பேசுவார்கள். குசாமாவிடம் போகிறவர் தன்னையே நூறாகப் பார்த்து மகிழ்ந்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு வருகிறார். வில்சனின் அறையில் விளிம்புக்கு மேல் வேண்டுமென்றே எட்டிப் பார்த்தாலொழிய நம் முகம் கிடைப்பதில்லை. பார்வையாளரை முகஸ்துதி செய்யாத இந்தக் கண்ணாடிக்கே என் ஓட்டு.

வில்சன் பிறகும் பெரிதாகவே செய்தார். 2007இல் லிவர்பூலில் ஒரு காலிக் கட்டிடத்தின் முகப்பில் 8 மீட்டர் விட்டத்துக்கு முட்டை வடிவில் வெட்டி, அந்தத் துண்டைச் சுழலவிட்டார். அதுவும் தெருவில் போகிறவரை நின்ற இடத்தில் நிறுத்திய வேலை. 2014இல் ஹீத்ரோ விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் வைத்த ‘ஸ்லிப்ஸ்ட்ரீம்’ 77 டன் எடை, மேற்பரப்பு அலுமினியம். சாகச விமானம் ஒன்று காற்றில் புரண்டு போன தடத்தை அப்படியே உலோகத்தில் பிடித்த கெட்டிக்கார வேலை, சந்தேகமில்லை. ஆனால் அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு டிராலியைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். 20:50க்குள் போக வேண்டுமானால் முதலில் முனையில் நிற்பவர் வெளியே வரட்டும் என்று காத்திருக்க வேண்டும்.