தீயவனின் வீழ்ச்சியும் கதையின் முடிவும்

தீயவனைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்ட படைப்பொன்றினை எவ்வாறு முடிப்பது என்பது வெறும் உத்தி சார்ந்த வினா அன்று. தீமை எங்கிருந்து தோன்றுகின்றது என்பது பற்றி ஆசிரியன் கொண்டுள்ள கருத்தே அம்முடிவில் வெளிப்படுகின்றது. சேக்ஸ்பியரின் 'மூன்றாம் றிச்சேட்' நாடகத்தையும், 1941 இல் பெர்டோல்ற் பிரெக்ற் எழுதிய 'ஆர்த்துரோ ஊயியின் தடுக்கக்கூடிய எழுச்சி' நாடகத்தையும் ஒருங்கே நோக்குமிடத்து இது புலனாகும்.

முடியைப் பெறவும் பெற்றதைக் காக்கவும் தமையனையும் தமையன் மைந்தரையும் கொல்விப்பவன் றிச்சேட். இறுதிப் போருக்கு முந்திய இரவில், அவனால் மாண்ட பதினொருவரின் ஆவிகள் தோன்றிச் சபிக்கின்றன. பொஸ்வேத் களத்தில் அவன் மடிய, வென்ற றிச்மன்ட் சமாதானத்தை அறிவிக்கின்றான். இந்த றிச்மன்டே 1485 இல் அரியணையேறிய ஏழாம் ஹென்றி. நாடகம் எழுதப்பட்ட காலத்தில் ஆட்சிபுரிந்த முதலாம் எலிசபெத்தின் பாட்டன். ஆகவே, தீயவனின் மரணம் ஆளும் வமிசத்தின் உரிமைக்குச் சான்றாக அமைந்துவிடுகின்றது. ஆயின், றிச்சேட்டை அரசனாக வாழ்த்துமாறு கேட்கப்பட்ட லண்டன் குடிகள் வாய்திறவாது நின்றமையையும் இதே நாடகம் காட்டியுள்ளது. குற்றப்பத்திரத்தைப் படியெடுத்த எழுத்தன், சூழ்ச்சி யாவர்க்கும் தெரிந்தும் அதனைச் சொல்வார் இல்லையே என வருந்துவதும் அதில் உண்டு. இம்மௌனத்தை இறுதிக் காட்சி விசாரிப்பதில்லை. ஒருவன் மாண்டதும் நாடு தூய்மையடைந்துவிடுகின்றது.

பிரெக்ற் ஹிட்லரின் எழுச்சியைச் சிக்காகோ நகரத்துக் காடையர் தலைவன் ஒருவனின் கதையாக்கினார். நெருக்கடியிற் சிக்கிய மரக்கறி வியாபார முதலாளிகளின் முறைகேடுகளே ஊயிக்கு வழிதிறக்கின்றன. கொல்லப்பட்டவனின் விதவையை அவன் வசப்படுத்த முனையும் காட்சி றிச்சேட்டை நினைவூட்டுவது. ஆனால் ஊயி வீழ்வதில்லை. இறுதிக் காட்சியில், எதிர்க்காது பணிந்தமைக்கு இரு நகர வணிகரும் ஒருவரையொருவர் காரணங்காட்டுகின்றனர். வெளியேறிய ஒருவன் சுடப்பட, ஏனையோர் கையுயர்த்தி ஊயியை ஏற்கின்றனர். சேக்ஸ்பியரின் முடிவு விசாரியாது விட்ட மௌனத்தைப் பிரெக்ற் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றார்.

இந்நாடகம் பாசிசத்தின் கொடூரத்தை மிக எளிமைப்படுத்திவிட்டது என்ற அடோர்னோவின் கண்டனம் புறக்கணிக்கத்தக்கதன்று. கடைசி இரவில் தன்னைத்தானே விசாரிக்கும் றிச்சேட்டின் அகவாழம் ஊயியிடம் இல்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இதனால், தீயவன் வெல்வதாக முடிப்பதே யதார்த்தம் என்பது எமது கருத்தன்று. அவ்வாறு கொள்வது விதிக்கொள்கைக்கே மீண்டும் இடங்கொடுப்பதாகும். பிரெக்ற்றின் தலைப்பில் 'தடுக்கக்கூடிய' என்னும் சொல் இடம்பெறுவது இவ்விடத்தே கவனிக்கத்தக்கது. ஊயியின் ஒவ்வொரு படியிலும் அவனைத் தடுத்திருக்கக்கூடியவர் இருந்தனர்.

முற்போக்காளராகிய நாமும் எமது கதைகளிற் சிலவற்றைக் கொடிய முதலாளி கடைசிப் பந்தியில் மனந்திருந்துவதாகவோ நோயுற்று மாள்வதாகவோ முடித்திருக்கின்றோம். வாசகர் ஆறுதலடைகின்றனர், அவனை உருவாக்கிய உறவுகளோ அப்படியே இருக்கின்றன. தீயவன் இறக்கலாம், திருந்தலாம், வெல்லவும் செய்யலாம். அவனுக்கு இடங்கொடுத்தவர் யாவர், அவர்களுள் நாமும் அடங்குவோமா என்னும் வினா கதை முடிந்த பின்னரும் வாசகரிடத்தே எஞ்சுதல் வேண்டும். முடிவின் தகுதியை இதனைக் கொண்டே மதிப்பிடல் பொருத்தமாகும்.