கொட்டாங்குச்சியும் சாட்ஜிபிடியும்

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. அதோடு கல்லூரி அசைன்மென்ட் செத்துப்போச்சு என்று ஆசிரியர்கள் புலம்புகிறார்கள். எனக்கென்னவோ அது முன்னாடியே செத்துவிட்டது என்றுதான் படுகிறது. சீனியரின் நோட்டு, ஜெராக்ஸ் கடை கைடு, விக்கிப்பீடியா என்று பிணத்தை மாறி மாறிச் சுமந்தோம். இப்போது இயந்திரம் சுமக்கிறது.

இப்படிச் சொல்ல எனக்குத் துணிவு தருவது 'சாதியும் நானும்' என்கிற தொகுப்பு. 2013இல் காலச்சுவடு வெளியிட்டது. பதிப்பாசிரியர் பெருமாள்முருகன், நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் நடத்தியவர். அவருடைய மாணவர்கள், 'கூடு' ஆய்வுச் சந்திப்பு நண்பர்கள் என 32 பேர் தங்கள் வாழ்க்கையில் சாதியை எங்கே, எப்படிச் சந்தித்தோம் என்று எழுதியிருக்கிறார்கள். அம்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது, கொட்டாங்குச்சியில் தந்த கறுப்புக் காப்பியே தலைப்பாகிவிட்டது.

எல்லாக் கட்டுரைகளும் ஒரே தரமல்ல. சில தடுமாறுகின்றன, சில பாதியில் நின்றுவிட்ட மாதிரி இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றிலும் கேள்வி எழுதுகிறவரை நோக்கித் திரும்பியிருக்கிறது. 'தமிழ் நாவலில் சாதி: ஐந்து பக்கங்களுக்கு மிகாமல் எழுதுக' என்றால் யாருக்கும் எதுவும் ஆகாது. 'நீ என்ன செய்தாய்?' என்றால் ஆகும்.

அப்படியானால் சொந்த அனுபவத்தைக் கேட்டால் ஏஐ தோற்றுவிடுமா? தோற்காது. அதே கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். டீக்கடை, தனி டம்ளர், அழுகிற பாட்டி, கடைசியில் மனிதநேயம். பத்து விநாடியில் வந்துவிட்டது. பிழையே இல்லை. எந்தக் கடை, எந்த ஊர் என்று கேட்டால் அதையும் புதிதாகக் கட்டிக் கொடுக்கும். அதை எழுதியதற்காக நாளைக்கு அதே டவுன் பஸ்ஸில் யார் முகத்தையும் அது பார்க்க வேண்டியதில்லை. தொகுப்பில் எழுதியவர்கள் பார்க்க வேண்டியிருந்தது.

கண்டுபிடிக்கும் மென்பொருள் காப்பாற்றும் என்றும் நம்ப முடியாது. துல்லியம் போதவில்லை என்று ஓப்பன்ஏஐ தன்னுடைய கருவியையே 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும். கூடு போன்ற சந்திப்புகள் தருவது அதைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ராசிபுரம் பக்கத்துப் பிள்ளை 'ஒறம்பரை', 'பொழுதோட' என்று எழுதினால் ஆறாம் வகுப்பிலிருந்தே சிவப்பு மையில் வட்டம் போடுகிறோம். இந்தச் சொற்களுக்காகவே பெருமாள்முருகன் 2000இல் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' போட்டார். வகுப்பில் அவை இன்னமும் கொச்சைதான். உன் தமிழ் தப்பு என்று பத்து வருஷம் சொன்ன பிறகு, அவள் தன் பேச்சை இயந்திரத்திடம் கொடுத்து வெளுத்து வாங்கிக்கொண்டால் அதை எப்படித் திருட்டு என்பது? நாம் கேட்ட தமிழைத்தான் கொடுத்திருக்கிறாள்.

பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள தமிழ்த் துறைகள் பருவத்துக்கு ஒரேயொரு கட்டுரை கேட்டால் போதும். எழுதியவர் வகுப்பில் வாசிக்கட்டும், மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். 'ஒறம்பரை'க்கு மதிப்பெண் குறைக்காமல் இருந்தால், அவள் அதை அடிக்காமல் விட்டுவைப்பாள்.