கரண்ட் போன பிறகும் பேசுமா இந்த மோடம்?

தோட்டத்து மோட்டார் கொட்டகையில் அலாரம் அலறினால் கேட்பதற்குக் காக்கைகள்தான் உண்டு. கரண்ட் போனாலோ, குளிர்பதனக் கிடங்கில் சூடு ஏறினாலோ சேதி உரிமையாளரின் செல்போனுக்குப் போயாக வேண்டும். அதற்காக அலாரம் கருவியோடு இணைக்கும் மோடம்களில் மிக மலிவானது சிம்800எல். விலை சில நூறு ரூபாய். 850, 900, 1800, 1900 மெகாஹெர்ட்ஸ் ஆகிய நான்கு அலைவரிசைகளிலும் இயங்கும் 2ஜி மாட்யூல் இது.

இதன் தகராறெல்லாம் சாப்பாட்டில்தான். 3.4 முதல் 4.4 வோல்ட் வரைதான் ஏற்கும். அலாரம் கருவியை இயக்கும் ஆர்டுயினோ போர்டின் 5 வோல்ட் பின்னில் செருகினால் அதிகம், 3.3 வோல்ட் பின்னில் செருகினால் போதாது. டவரோடு பேசும் கணத்தில், ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான துடிப்புகளாக, 2 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய ஜம்பர் வயராக இருந்தால் அப்போது வோல்டேஜ் சரியும், மாட்யூல் அணைந்து மறுபடி எழும். பழியை சிம் கார்டின் மேலும் ஆன்டெனாவின் மேலும் போட்டு இரண்டையும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம். 4 வோல்ட்டுக்குத் திருகி வைத்த பக் கன்வெர்ட்டர், குட்டையான தடித்த வயர், மாட்யூலை ஒட்டியே ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்: இவ்வளவு போதும், பாதி நோய் தீரும்.

பரிசோதனை எளிது. சின்ன எல்.இ.டி. வேகமாக மினுக்கினால் இன்னும் நெட்வொர்க்கைத் தேடுகிறது; மூன்று செகண்டுக்கு ஒருமுறை மினுக்கினால் பிடித்துவிட்டது. அடுத்து யு.எஸ்.பி. சீரியல் அடாப்டர் வழியாக 'ஏ.டி.' என்று தட்டினால் 'ஓ.கே.' வரவேண்டும். ஹேய்ஸ் நிறுவனம் 1981-இல் தன் ஸ்மார்ட்மோடமுக்காக வகுத்த இந்த ஏ.டி. கட்டளை மரபு, டெலிபோன் கம்பி போய் டவர் வந்த பிறகும் பிழைத்திருக்கிறது. சிக்னலைக் கேட்டால் 0 முதல் 31 வரை ஓர் எண் தரும். 10 என்றால் மைனஸ் 93 டி.பி.எம்.; அதற்குக் கீழே போனால் ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்கு வெளியே கொண்டுவருவது நல்லது. 99 வந்தால் அளக்கவே முடியவில்லை என்று பொருள்.

எஸ்.எம்.எஸ். அனுப்பியதும் திரையில் வரும் 'ஓ.கே.'வை நம்பிப் பெட்டியை மூடிவிடக் கூடாது. நெட்வொர்க் வாங்கிக்கொண்டது என்பதற்குத்தான் அது சாட்சி. செல்போனில் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. டெலிவரி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கும் வசதி இதில் உண்டு. அதைவிட முக்கியமான சோதனை, மெயின் ஸ்விட்சை அணைத்துப் பார்ப்பது. 'கரண்ட் போச்சு' என்று சொல்லவேண்டிய கருவியே அதே கரண்டில் ஓடினால், சேதி யார் சொல்வது? லித்தியம் பேட்டரி பேக்கப் இல்லாத இணைப்பு இந்தச் சோதனையில் தோற்கும். ரீசார்ஜ் முடிந்த சிம்மும் அப்படித்தான், சத்தமில்லாமல் ஊமையாகும். தினமும் காலையில் 'நலம்' என்று ஒரு சேதி அனுப்பும்படி நிரல் எழுதிவிட்டால், அது வராத நாளில் விஷயம் தெரிந்துவிடும்.

குறை ஒன்று பெரிது: இது 2ஜியில் மட்டுமே பேசும். ஜியோவிடம் 2ஜி கிடையாது. அந்த சிம்மைப் போட்டால் எல்.இ.டி. தேடிக்கொண்டேதான் இருக்கும். அமெரிக்காவில் ஏ.டி.&டி. நிறுவனம் 2017 தொடக்கத்தில் 2ஜியை மூடியபோது, அதை நம்பிய அலாரம் கருவிகளுக்கு மோடம் மாற்றவேண்டி வந்தது. பழகிப் பார்க்கவும், ஒரு பம்புசெட்டுக்கும் சிம்800எல் தாராளமாகப் போதும். பத்தாண்டு ஓடவேண்டிய கிடங்குக்கு, கூடுதல் காசு கொடுத்தாவது 4ஜி மாட்யூல் வாங்கலாம், ஏ.டி. கட்டளைகள் அதிலும் செல்லும்.