பத்தாயிரம் போர்டுகளும் ஒரு ஜாக்கும்

புதிய மின்னணுக் கருவியைச் சீனத் தொழிற்சாலையில் செய்யக் கொடுப்பவர்கள் மலிவான கூலிக்காக மட்டுமே போகிறார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ராஸ்பெரி பை கணினியின் கதை அதைத் திருத்துகிறது. பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதப் பழகட்டும் என்று கேம்பிரிட்ஜில் எபன் அப்டனும் நண்பர்களும் உருவாக்கிய கையகல போர்டு அது. தொடக்க விலை 35 டாலர். பிரிட்டனிலேயே தயாரிக்கத்தான் அவர்கள் விரும்பினார்கள். அங்கே கேட்டுப் பார்த்த தொழிற்சாலைகள் 12 முதல் 14 வாரம் ஆகும் என்றன; கிழக்காசியாவில் மூன்று, நான்கு வாரத்தில் முடியும். சுங்க வரியும் குறுக்கே நின்றது. உதிரிபாகங்களை இறக்குமதி செய்து உள்நாட்டில் பொருத்தினால் அப்போது வரி இருந்தது. அதே பாகங்கள் முழு போர்டாக வந்திறங்கினால் வரி இருக்கவில்லை. சொந்த நாட்டின் வரி அட்டவணையே வேலையை வெளியே தள்ளியது. இதற்காக வடிவமைப்பாளர்களைக் குறைசொல்வது நியாயமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனை தொடங்கியது. முதல் தொகுதி பத்தாயிரம் போர்டுகள். அடுத்த சில நாட்களிலேயே ஒரு பிழை வெளிப்பட்டது. நெட்வொர்க் கேபிள் செருகும் ஜாக்குக்குள் காந்தச் சுருள்கள் இருக்க வேண்டும். சீனத் தொழிற்சாலை, சுருள் இல்லாத ஜாக்கைப் பற்றவைத்திருந்தது. கேபிள் ஒழுங்காகப் போய் உட்காரும். இணைப்பு மட்டும் கிடைக்காது. பற்றவைத்ததைக் கழற்றிச் சரியானதை வைக்கலாம்தான். ஆனால் அடுத்தடுத்த தொகுதிகளுக்கும் சேர்த்துச் சரியான ஜாக்குகளைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. வரைபடமும் உதிரிபாகப் பட்டியலும் கையில் இருந்தால் போதும் என்று நம்பி, நேரில் பார்க்கும் வேலையைத் தொலைவுக்கு விட்டுக்கொடுப்பதுதான் இந்த முறையின் உண்மையான பலவீனம். பட்டியலில் ஒரு வரி மாறினால் அதன் விளைவு என்ன என்பது வடிவமைத்தவருக்குத்தான் உறைக்கும். பொருத்துபவருக்கு அது இன்னொரு ஜாக்.

உள்ளூர்த் தொழிற்சாலை தவறே செய்யாதா என்று கேட்கலாம். செய்யும். ஆனால் முதல் போர்டைக் கையில் எடுத்துச் சோதிக்க வடிவமைத்தவர் அன்றே போய்விடலாம். பத்தாயிரமாவது போர்டுவரை பிழை ஓடாது. அதே ஆண்டு செப்டம்பரில், ராஸ்பெரி பை உற்பத்தியின் பெரும் பங்கு வேல்ஸில் பென்கோட் ஊரிலுள்ள சோனி தொழிற்சாலைக்கு மாறுவதாக அறிவிப்பு வந்தது. செயலியின் முதுகிலேயே நினைவகச் சில்லை ஏற்றிப் பற்றவைக்கும் நுட்பமான வேலையை அந்த ஆலை ஏற்றது. விற்பனை குவிந்ததால் கிடைத்த வாய்ப்பு அது, ஆயிரம் கருவி செய்பவருக்கு எந்த சோனி கதவைத் திறக்கும் என்ற மறுப்பில் பெரிய உண்மை இருக்கிறது. சிறிய தயாரிப்பாளர் சீனாவின் ஷென்செனுக்குத்தான் போயாக வேண்டும். உதிரிபாகச் சந்தையும் அச்சு வார்ப்பவரும் பொருத்தும் ஆலையும் ஒரே நகரில் கிடைப்பது அவருக்குப் பெரும் வரம். ஆனால் ஆயிரம் கருவியில் பிழை வந்தால் தாங்க முடியாதவரும் அவர்தான். ஆகவே புதிய கருவியோடு கிளம்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெளிநாட்டு ஆலையின் விலைப்புள்ளியோடு, முதல் போர்டு இறங்கும் நாளில் உங்கள் பொறியாளர் அங்கே நிற்பதற்கான செலவையும் சேர்த்துக் கூட்டுங்கள். அப்போதும் கட்டுப்படியானால் தயங்காமல் போங்கள்.